அகப்பட்டதெல்லாம் ஆதாரமாகுமா?

சென்ற வாரம் சிட்லபாக்கத்தில் ஒரு தோழரைப் பார்க்கப் போயிருந்தோம். அவருடைய பேரன் எட்டாம் வகுப்பில் படிக்கிறவன். பள்ளிக்கூடத்தில் "எங்கள் ஊர்" என்பதைப்பற்றி இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார்களாம். பையன் செல்போனை எடுத்தான். ஊர்ப்பெயரை அடித்தான். கால் மணி நேரத்தில் இரண்டு பக்கமும் முடிந்துவிட்டது. நமக்கும் வாசித்துக் காட்டினான். முதல் வரியே "சிட்லபாக்கம் காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள ஒரு பேரூராட்சி" என்பதாக இருந்தது. அடுப்பங்கரையிலிருந்த அவனுடைய பாட்டி, படிப்பு அதிகம் இல்லாதவர், அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, "வீட்டு வரி ரசீது தாம்பரம் மாநகராட்சி என்றல்லவா வருகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பையன் சிறிதும் தயங்கவில்லை. "இல்லை ஆயா, கூகிளில் இப்படித்தான் இருக்கிறது" என்றான்.

பாட்டி வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தோழர் சிரித்தார். நமக்கு மாத்திரம் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்த மாதிரிப் பதிலை நாம் இதற்குமுன் வேறு இடங்களில் அநேக தரம் கேட்டிருக்கிறோம். "ஏன் அய்யா இப்படிச் செய்கிறாய்?" என்று கேட்டால் "சாஸ்திரத்தில் இருக்கிறது" என்பார்கள். "எந்த சாஸ்திரத்தில், எந்த இடத்தில் இருக்கிறது? எழுதினவர் யார்? எப்போது எழுதினார்? அவருக்கு எப்படித் தெரிந்தது?" என்று மேற்கொண்டு கேட்டால் கேட்டவனுக்கு நாஸ்திகன் என்று பெயர் வந்துவிடும். சாஸ்திரம் இருந்த பீடத்தில் இன்று செல்போன் வந்து உட்கார்ந்திருக்கிறது. மேற்கொண்டு கேட்காத குணம் மாத்திரம் அப்படியே இருந்து வருகின்றது.

இனி அந்த முதல் வரியின் யோக்கியதையைப் பார்ப்போம். செங்கற்பட்டு ஜில்லா காஞ்சீபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பரில் தனி ஜில்லாவாக ஏற்பட்டது. 2021 நவம்பரில் பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. ஆகவே பையன் எடுத்த வரியை முதலில் எழுதினவர் பொய் எழுதினதாகச் சொல்ல முடியாது. எழுதின காலத்தில் அது வாஸ்தவம். காலம் போய்விட்டது, எழுத்து மாத்திரம் அங்கேயே நிற்கின்றது. பாட்டி கையிலிருந்ததோ வரி வாங்குகிற ஸ்தாபனமே தேதி போட்டுக் கொடுத்த காகிதம். உலகத்துச் சங்கதியெல்லாம் அடங்கியிருப்பதாகச் சொல்லப்படும் இயந்திரத்தைவிட, அலமாரியில் பழைய டப்பாவில் மடித்து வைத்திருந்த அந்த ரசீது இந்த ஒரு விஷயத்தில் உயர்ந்த ஆதாரம்.

இரண்டாவது வரியில் ஊரின் ஜனத்தொகையை "2024-ல் இவ்வளவு" என்று ஒற்றை இலக்கம் கூட விடாமல் எழுதியிருந்தான். இந்த தேசத்தில் 2011-ல் ஜனக்கணக்கு எடுக்கப்பட்டது. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு அந்த வருஷத்தில் எடுக்கப்படவில்லை. அப்படியிருக்க 2024-ல் வீடு வீடாய்ப் போய்த் தலையை எண்ணினவர் யார்? ஒருவரும் இல்லை. பழைய கணக்கின்மேல் ஏதோ ஒரு விகிதத்தைப் போட்டுப் பெருக்கியிருக்கிறார்கள். பெருக்கலாம், தப்பில்லை, "இது மதிப்பு" என்று சொல்லிவிட்டுப் பெருக்க வேண்டும். சொல்லாமல் போட்டால், கடைசி இலக்கம் வரையில் சுத்தமாய் எழுதியிருக்கிறதே என்பதையே பார்த்துப் பாமர மக்கள் நம்பிவிடுவார்கள்.

இது பள்ளிக்கூடத்துக் கட்டுரைதானே, இதற்கு ஒரு தலையங்கமா என்று சில தோழர்கள் கேட்கலாம். கட்டுரையோடு போயிருந்தால் நாமும் எழுதியிருக்கமாட்டோம்.

2018 ஜூலை மாதத்தில் திருப்பூரில் நடந்ததை எடுத்துக் கொள்ளுவோம். 28 வயதுள்ள ஒரு பெண், அவரும் ஓர் ஆசிரியை, இரண்டாவது பிரசவத்திற்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று புருஷனும் மனைவியும் தீர்மானித்தார்கள். யூடியூபில் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதின. குழந்தை பிறந்தது. தாய்க்கு ரத்தப் போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. இவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்ல. ஒன்றும் விசாரிக்காமல் இருந்தவர்களும் அல்ல. விசாரித்தார்கள், தேடினார்கள், தேடினது கிடைத்தது. கிடைத்ததை நம்பினார்கள்.

அவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம். வீட்டில் பிரசவித்துப் பிழைத்தவள் படம் எடுத்துப் போடுகிறாள். செத்தவள் படம் போட வரமாட்டாள். ஆதலால் அந்த வரிசையில் பத்துப் படம் பார்த்தாலும் பத்தும் ஜெயித்த கதையாகத்தான் இருக்கும். நூறு பார்த்தாலும் அப்படித்தான். பார்க்கப் பார்க்க நம்பிக்கை உறுதிப்படுமே ஒழிய, ஆபத்து எத்தனை பேரில் எத்தனை பேருக்கு வரும் என்ற ஒரு கணக்கு அதற்குள்ளிருந்து வரவே வராது. அந்தக் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியா சர்க்காரின் பதிவாளர் தலைமை அலுவலகம் வெளியிடும் மாதிரிப் பதிவுக் கணக்கில், 2018 முதல் 2020 வரைக்குமான காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் இறந்ததாகப் போட்டிருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019-21-ல், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நடப்பதாகச் சொல்லுகிறது. பிரசவித்தவுடன் ரத்தப் போக்கை அடக்க ஆக்ஸிடோசின் என்ற ஊசி மருந்து போடுவதை உலக சுகாதார ஸ்தாபனம் எல்லாப் பிரசவங்களுக்கும் சிபார்சு செய்து வருகின்றது. இவையெல்லாம் இரகசியமா? இல்லை. அதே செல்போனில், அதே விரலால், அதே காலணாச் செலவில்லாமல் கிடைக்கக் கூடியவை. ஆனால் "வீட்டுப் பிரசவம் எப்படிச் செய்வது?" என்று கேட்டவனுக்கு அவை கிடைக்கமாட்டா. "வீட்டுப் பிரசவத்தில் என்ன ஆபத்து? எத்தனை பேருக்கு?" என்று கேட்டவனுக்குத்தான் கிடைக்கும்.

இங்கேதான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. தேடும் இயந்திரம் நம்மிடம் வாதாடுகிற வக்கீல் அல்ல, நாம் கேட்டதைக் கொண்டுவந்து கொட்டுகிற வேலைக்காரன். "சர்க்கரை வியாதியை வேரோடு அறுக்கும் மூலிகை" என்று அடித்தால், அப்படி அறுக்கும் என்று சொல்லுகிறவர்கள் அத்தனைபேரும் வரிசையாய் வந்து நிற்பார்கள். வியாதி வேரோடு போகுமா போகாதா என்று நாம் கேட்கவே இல்லையே! போகும் என்பதை நாமே கேள்விக்குள் வைத்து அனுப்பிவிட்டோம். அதே மூலிகையின் பேரைப் போட்டு, பக்கத்தில் "ஆராய்ச்சி", "பலன்", "தீங்கு" என்ற வார்த்தைகளைச் சேர்த்துக் கேட்டால் வேறு கூட்டம் வரும். இரண்டு கூட்டத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறவனுக்குத்தான் உண்மை அகப்படும். நமக்கு வேண்டிய விடையை மனதில் வைத்துக்கொண்டு தேடுகிறவன் ஜோசியனிடம் போகிறவனுக்குச் சமானம். அவனும் இவனுக்குப் பிடித்ததைத்தான் சொல்லி அனுப்புவான்.

முதலில் வந்து நிற்பதற்கும் யோக்கியதைக்கும் எவ்வளவு சம்பந்தம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கூகிளை ஏற்படுத்தினவர்கள் 1998-ல் வெளியிட்ட முறையின்படி, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், அவையும் எவ்வளவு செல்வாக்குள்ள பக்கங்கள், சுட்டிக் காட்டுகின்றன என்பதை வைத்து அதற்கு மதிப்புப் போட்டார்கள். பிறகு எத்தனையோ கணக்குகள் அதில் சேர்ந்துவிட்டன. என்றாலும் அடிப்படையில் அது செல்வாக்கை அளக்கும் கணக்கு. செல்வாக்குள்ளவன் பெரும்பாலும் விஷயம் தெரிந்தவனாகவும் இருப்பான் என்பது ஓர் அனுமானம். சில இடத்தில் பலிக்கும், சில இடத்தில் பலிக்காது. தேர் இழுக்க வந்த கூட்டத்தைக் காட்டி சாமியின் சக்தியை ருஜுப்படுத்துகிறவர்களும் இந்த அனுமானத்தைத்தான் செய்கிறார்கள். இது தவிர, வரிசைக்கு மேலே பணம் கொடுத்து இடம் வாங்கினவர்கள் வேறு நிற்கிறார்கள். அதன் தலையில் "விளம்பரப்படுத்தப்பட்டது" என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கண்ணைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை வியாதி, புற்றுநோய் முதலியவைகளைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-ம் வருஷத்திலேயே மந்திர மருந்துகள் சட்டம் என்பதாக ஒரு சட்டம் செய்யப்பட்டு, இன்றைக்கும் அது புஸ்தகத்தில் இருக்கிறது. விளம்பரமும் இருக்கிறது.

திருநள்ளாற்றுக் கதையை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. காரைக்காலுக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரில் சனீசுவரன் கோயிலுக்கு மேலே பறந்து செல்லும் செயற்கைக் கோள்கள் மூன்று வினாடி ஸ்தம்பித்து நின்றுவிட்டுப் போகின்றன என்றும், அதைக் கண்டு அமெரிக்காவின் நாசா விஞ்ஞானிகள் பிரமித்துப் போனார்கள் என்றும் ஒரு செய்தி வருஷக் கணக்காய் உலாவி வருகின்றது. தேடிப் பார்த்தால் ஒன்றல்ல, அநேகப் பக்கங்கள் அகப்படும். இத்தனை பேர் சொல்லுகிறார்களே, பொய்யாகுமா என்பார்கள். தோழர்களே! அந்தப் பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரே வாக்கியம், ஒரே ஆச்சரியக் குறி, ஒரே எழுத்துப் பிழை. நூறு பேர் பார்த்துச் சொன்ன சாட்சியமாக இருந்தால் நூறு விதமாக இருக்கும். இது ஒருவன் எழுதினதை நூறு பேர் எடுத்துப் போட்டது. அந்த ஒருவன் யார் என்று மேலே மேலே போய்த் தேடினால் கடைசியில் வாசற்படி மாத்திரம் இருக்கும், வீடு இருக்காது. எந்தக் கோள்? எந்தத் தேதி? எந்த விஞ்ஞானி? எந்த அறிக்கை? ஒன்றுக்கும் பெயர் கிடையாது.

ஒரு நிமிஷ வேலை ஒன்று சொல்லுகிறோம். தேடும் கட்டத்தில் "சைட்" என்ற ஆங்கில வார்த்தையை அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் நாசாவின் சொந்த விலாசத்தைச் சேர்த்து, பிறகு திருநள்ளாறு என்று ஆங்கிலத்தில் அடித்தால் நாசாவின் ஏட்டுக்குள் மாத்திரம் தேடும். யார் சொன்னதாகச் சொல்லப்படுகிறதோ அவர் வீட்டுக்கே போய்க் கேட்டுவிடலாம். அப்படிப்பட்ட அறிக்கை எதுவும் அங்கே கிடையாது. இயந்திரமே வேண்டாம் என்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. பூமிக்குக் கிட்டத்தில் சுற்றும் கோள் ஒரு வினாடிக்கு 7 கிலோ மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று வினாடிக்குள் திருநள்ளாற்றைத் தாண்டி 20 கிலோ மீட்டருக்கு அப்பால் போய்விடும். அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழ வேண்டியதுதான், மறுபடியும் புறப்பட முடியாது. ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் கோள்களோ ஏறத்தாழ 36,000 கிலோ மீட்டர் உயரத்தில் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருப்பவை. திருநள்ளாறு அந்த ரேகைக்கு வடக்கே 11 பாகைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஆகவே அவைகளும் அந்தக் கோயிலுக்கு மேலே வருவதற்கில்லை. சனீசுவரனுக்கு இதில் ஒரு வேலையும் கிடையாது.

நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு அதிகம் சிரிக்க வேண்டாம் என்றும் கேட்டுக் கொள்ளுகிறோம். ஐன்ஸ்டைன் மதத்தைப்பற்றி இப்படிச் சொன்னார், இன்ன நாட்டு ஞானி அப்படிச் சொன்னார் என்று, புஸ்தகமும் இல்லாமல் வருஷமும் இல்லாமல், படத்தோடு வருகிறதே, அதை நமது தோழர்கள் எத்தனை பேர் அடுத்த நிமிஷமே நாலு பேருக்கு அனுப்பாமல் இருந்திருக்கிறார்கள்? நமது கொள்கைக்குச் சாதகமாக இருப்பது மாத்திரம் ஆதாரமாகிவிடுமா? அந்த வாக்கியத்தை அப்படியே இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடினால் அதே வார்த்தைகள் அதே வரிசையில் இருக்கும் இடங்கள் மாத்திரம் வரும். அவற்றில் ஒன்றாவது புஸ்தகத்தின் பெயரும் பக்கமும் கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடுக்கவில்லையானால் மேடையில் அதைப் பேசாதிருப்பது நல்லது. எதிரி ஒரு நாள் "எந்தப் பக்கம்?" என்று கேட்டால், சாஸ்திரக்காரர்கள் முழித்ததுபோல் நாமும் முழிக்கும்படி ஆகும்.

படங்களின் சங்கதி இன்னும் மோசம். 2018 மே மாதத்தில், சென்னையிலிருந்து உறவினர்களோடு குலதெய்வக் கோயிலைத் தேடிக்கொண்டு போளூர்ப் பக்கம் போன 65 வயது அம்மாள் ஒருவர், வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளை பிடிக்கிறவள் என்று அடித்துக் கொல்லப்பட்டார். அந்த மாதங்களில் வாட்ஸப் மூலம் தேசம் முழுவதும் சுற்றிய படங்களில் ஒன்றைப்பற்றிப் பிறகு தெரியவந்தது என்னவென்றால், மோட்டார் சைக்கிளில் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதாகக் காட்டும் அந்தப் படம், கராச்சி நகரத்தில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட ஒரு பிரசாரப் படம் என்பதேயாகும். பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, "இவ்வளவு சுலபம், ஜாக்கிரதை" என்ற கருத்துள்ள அட்டையைக் காட்டும் கடைசிப் பாகத்தை யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். படத்தின் ஒரு காட்சியை எடுத்துத் தேடும் இயந்திரத்திலேயே கொடுத்து, "இது இதற்குமுன் எங்கே வந்திருக்கிறது?" என்று கேட்க வசதி இருக்கிறது. கேட்டிருந்தால் கராச்சி தெரிந்திருக்கும். ஒரு வழிப்போக்கரின் உயிர் அத்தனை சின்னக் கேள்வியில் இருந்தது. அந்த ஜூலையில் அந்தக் கம்பெனியார் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தரத்தில் 5 இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தினார்கள். நம் கைக்கு அவர்கள் விலங்கு போட வேண்டியதாயிற்று என்று சொல்லிக்கொள்ளுவது நமக்குப் பெருமையல்ல.

இப்போது இதற்கெல்லாம் மேலே புதிதாக ஒரு பண்டிதர் வந்திருக்கிறார். செயற்கை அறிவு என்று அவருக்குப் பெயர். பத்துப் பக்கத்தைக் காட்டிப் படித்துக்கொள் என்று சொல்லாமல், தானே படித்ததுபோல் நாலு வரியில் விடை சொல்லிவிடுகிறார். நல்ல நடை, தடுமாற்றமே இல்லை. 2023-ல் அமெரிக்காவில் நியூயார்க் கோர்ட்டில் இரண்டு வக்கீல்கள் இவரை நம்பி, இவர் சொன்ன முன் தீர்ப்புகளை எடுத்துப் போட்டு மனுவைத் தாக்கல் செய்தார்கள். எதிர்த் தரப்பார் தேடினால் அந்த வழக்குகளே உலகத்தில் கிடையாது. வாதி பெயர், பிரதிவாதி பெயர், தொகுதி நெம்பர் எல்லாம் கற்பனை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வக்கீல் முன்னமேயே சந்தேகப்பட்டு, "இது வாஸ்தவமான வழக்குத்தானா?" என்று அந்தப் பண்டிதரையே கேட்டிருக்கிறார். அவரும் "ஆம்" என்றிருக்கிறார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தொழில் கற்றவர் சாட்சியிடமே நற்சாட்சிப் பத்திரம் வாங்கிக்கொண்டு போனார்! இவர் சொல்லும் விடையில் ஓர் ஊரோ, தேதியோ, சட்டமோ, மருந்தோ வந்தால், அதை எடுத்துக்கொண்டு வெளியே போய் மூலத்தில் பார்க்க வேண்டும். வழி கேட்க அவர் உதவுவார். போய்ச் சேர்ந்த இடம் சரிதானா என்பதற்கு அவர் பொறுப்பாளியல்ல.

தமிழில் தேடுகிறவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருப்பதையும் மறைப்பதில் பிரயோஜனமில்லை. வைத்தியம், சட்டம், விஞ்ஞானம் இவைகளில் ஆராய்ந்து எழுதப்பட்ட பக்கங்கள் ஆங்கிலத்தில் மலைபோல் இருக்கின்றன. தமிழில் அவை கொஞ்சம். காலியாய்க் கிடக்கும் இடத்தில் ராசி பலனும், பாட்டி வைத்தியமும், "அதிர்ச்சித் தகவலும்" குடியேறிவிட்டன. ஆகையால் ஒரே கேள்வியைத் தமிழில் கேட்டவனுக்கு மட்டமான விடையும் ஆங்கிலத்தில் கேட்டவனுக்கு நல்ல விடையும் கிடைக்கிறது. இங்கிலீஷ் தெரிந்தவன் பிழைத்துக்கொள்ளுகிறான், தெரியாதவன் ஏமாறுகிறான். முன்பு வேதத்தைக் காதால் கேட்கக் கூடாதென்று ஒரு ஜாதிக்குச் சொன்னார்கள். இன்று ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும் பலன் அதற்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கின்றது. 2003-ல் தொடங்கின தமிழ் விக்கிப்பீடியாவில் சம்பளமில்லாமல் எழுதுகிறவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருப்பது மெச்சத்தக்க காரியம். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. கட்டுரையின் அடியில் எங்கிருந்து எடுத்தது என்று எண் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அந்த இடத்துக்குப் போக வேண்டும். எண் இல்லாத வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். இங்கிலீஷ் தெரிந்த தோழர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் செலவழித்துத் தாங்கள் சரிபார்த்த ஒரு விஷயத்தைத் தமிழில் எழுதி வைத்தால் அது ஒரு பொதுக் கூட்டத்தில் பேசுவதைவிடக் குறைந்த தொண்டாகாது.

"அப்படியானால் சர்க்கார் சொன்னதைத்தான் நம்ப வேண்டுமா?" என்று நம்மைக் கேட்பார்கள். சர்க்கார் எதற்குச் சாட்சி என்பதைப் பொறுத்தது. 2015-ம் வருஷ வெள்ளம் நமது வாசகர்களுக்கு மறந்திருக்காது. சிட்லபாக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றதை நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வந்துவிட்டன என்று ஒரு புரளி. வடநெம்மேலியிலுள்ள பண்ணைக்காரர்களே அப்படியொன்றும் இல்லை என்று மறுத்தார்கள். அது போகட்டும். டிசம்பர் முதல் தேதி மழை எத்தனை அங்குலம், எத்தனை சென்டிமீட்டர் என்று இன்றைக்கும் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறார்கள். வானிலை ஆராய்ச்சி இலாகா தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் என்று பதிவு செய்திருக்கிறது. ஆனால் அது டிசம்பர் 2-ம் தேதிக் கணக்கில் இருக்கும். ஏனென்றால் காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் காலை எட்டரை மணி வரையில் பெய்ததை மறுநாள் தேதியில் எழுதுவது அவர்கள் வழக்கம். இந்த வழக்கம் தெரியாமல் முதல் தேதிக் கணக்கைப் பார்த்துவிட்டு, "சர்க்கார் மழையையே மறைத்துவிட்டது" என்று எழுதுகிறவரும் உண்டு. மழைமானி வைத்து அளந்தவன் மழைக்கு நல்ல சாட்சி. அதே சர்க்கார் தன் வேலையைப்பற்றித் தானே கொடுத்துக்கொள்ளும் சர்டிபிகேட்டை, எந்தக் கம்பெனி விளம்பரத்தைப் பார்ப்பது போலவும்தான் பார்க்க வேண்டும். சிட்லபாக்கம் ஏரியைச் சீர்படுத்த 25 கோடி ரூபாய் என்று 2019-ல் அறிவித்தது வாஸ்தவமா என்பதற்கு அறிக்கை ஆதாரமாகலாம். ஏரி சீராகிவிட்டதா என்பதற்குக் கரைமேல் நடந்து பார்த்தவன் கண்தான் ஆதாரம்.

ஏரி என்றதும் பையனுடைய கட்டுரையில் மூன்றாவது பத்தி ஞாபகத்திற்கு வருகிறது. ஏரியின் பரப்பு இத்தனை ஏக்கர் என்று எழுதியிருந்தான். தோழர் வேறு ஒரு கணக்குச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். தேடினால் மூன்றுக்கும் பக்கங்கள் இருக்கின்றன. இது வெறும் எண் சண்டை அல்ல. ஏரி எதுவரை என்பது தெரிந்தால்தான் ஆக்கிரமிப்பு எது என்பது தெரியும், ஆக்கிரமிப்பு தெரிந்தால்தான் மழைக் காலத்தில் யார் வீட்டில் தண்ணீர் வந்தது, ஏன் வந்தது என்பது தெரியும். ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் செய்த சட்டமும் அளந்து எல்லை போடுவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பத்திரிகைக்காரர் ஏக்கரை அளக்கவில்லை. யூடியூப்காரரும் அளக்கவில்லை. அளந்தவன் சர்வே இலாகாக்காரன். அவன் அளந்தது கிராமத்தின் அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் சர்வே நெம்பர் வாரியாக இருக்கிறது. அந்தப் பதிவேட்டின் பகுதியை ரெவினியூ இலாகாவின் வலைப்பக்கத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். சர்வே நெம்பர் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அதிகாரியிடம் கேட்கலாம். அவர் "நாளை வா" என்றால், 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க்குக் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டித் தாலுக்கா ஆபீசுக்கு எழுதினால் 30 நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மேலே அப்பீல் இருக்கிறது. செல்போனில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு இந்தப் பத்து ரூபாய் வழியை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இதையெல்லாம் பையனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு நாம் புறப்படும்போது இரவு எட்டு மணி ஆகிவிட்டது. முதல் வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதிவிட்டான். பக்கத்தில் "ஆதாரம்: எங்கள் வீட்டு வரி ரசீது, ஆயா காட்டியது" என்று போட்டிருக்கிறான். ஜனத்தொகைக்கு 2011 கணக்கை எடுத்துப் போட்டு வருஷத்தையும் போட்டுவிட்டான். ஏரியின் பரப்பு என்ற இடத்தில் எண்ணை அழித்துவிட்டுக் கோடு மாத்திரம் இழுத்து வைத்திருக்கிறான். திங்கட்கிழமை தாத்தாவும் பேரனும் கிராம நிர்வாக அதிகாரி ஆபீசுக்குப் போவதாக ஏற்பாடு. பத்து ரூபாய் ஸ்டாம்பையும் கையோடு வாங்கிக்கொண்டு போகும்படி பாட்டி சொல்லியிருக்கிறார்.